நோட்ஸ் எழுதியது போதும்: மலையகத்தில் வரலாறு படிப்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும், மாலை வகுப்பு நடத்தும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளை, மாத்தளை என்று மலையகத்தில் எங்கெல்லாம் இந்தப் பாடத்தைத் தமிழில் படிப்பிக்கிறார்களோ, அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். "அமைச்சுக்கு எழுதலாமே" என்று கூட வேலை செய்யும் டீச்சர் ஒருவர் கேட்டார். எழுதலாம்தான். ஆனால் நான் சொல்ல வருவதற்குச் சுற்றறிக்கையும் வேண்டாம், ஒதுக்கீடும் வேண்டாம். நாம் மனம் வைத்தால் அடுத்த பாடவேளையிலேயே தொடங்கலாம்.

விஷயம் இதுதான்: வரலாற்றுப் பாடத்தில் நோட்ஸ் சொல்லி எழுதவிடும் வழக்கத்தை நிறுத்துவோம். அந்த நேரத்தில் பிள்ளைகள் வினாவுக்கு விடை எழுதட்டும்.

ஏன் இந்தப் பாடத்துக்கு மட்டும் இவ்வளவு கரிசனை என்று கேட்பீர்கள். தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தர, அதாவது ஓ.எல். பரீட்சையில் ஒன்பது பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். இவற்றில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நம் பாடசாலைகள் ஆசிரியருக்காகப் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. விஞ்ஞான ஆய்வுகூடம் என்று பலகை மாட்டிய அறையில் உடைந்த கதிரைகளை அடுக்கி வைத்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். வரலாற்றுக்கு அப்படிப் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் பாடநூல், வெறும் வரைபடம் ஒன்று, எழுதிப் பார்க்கக் கொஞ்சம் தாள், அவ்வளவுதான். கொழும்பில் வாகனத்தில் வந்து இறங்கும் பிள்ளைக்கும் மேல் டிவிசனில் இருந்து நடந்து வரும் பிள்ளைக்கும் இந்தப் பாடத்தில் கையில் இருப்பது ஒரே புத்தகம். அப்படியிருந்தும் ஏ எடுக்க வேண்டிய பிள்ளை சி எடுக்கிறது, சி எடுக்க வேண்டிய பிள்ளை வெறும் சித்தியான எஸ்ஸோடு நிற்கிறது.

பெறுபேறு வந்ததும் ஆசிரியர் அறையில் எழும் பேச்சையும் கேட்டிருக்கிறேன். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாடமாக்குவதே இல்லை. எப்ப பார்த்தாலும் போன்தான்." எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள், தேவைக்கு அதிகமாகவே பாடமாக்குகிறார்கள்.

ஒரு விடைத்தாளைக் காட்டுகிறேன். தவணைப் பரீட்சைக்கு நான் கொடுத்த வினா: "1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தினால் கண்டிய விவசாயிகள் எதிர்நோக்கிய பிரச்சினைகள் இரண்டினைக் குறிப்பிடுக." வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளைதான். முத்து முத்தான எழுத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. ஜோர்ஜ் பேர்ட் 1824இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் கோப்பி பயிரிட்டது, தேசாதிபதி எட்வர்ட் பாண்ஸ் கன்னொறுவையில் தானே தோட்டம் போட்டது, கண்டிக்குப் பாதை அமைத்தது, ஏக்கர் 5 சிலிங்குக்குக் காணி விற்றது எல்லாம் இருந்தன. ஒன்றுகூடப் பிழை இல்லை. ஆனால் கேட்டது விவசாயிகளின் பிரச்சினை. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உறுதிப்பத்திரம் காட்ட முடியாததால் சேனை (காடு வெட்டிச் செய்யும் பயிர்) செய்த நிலம் பிரித்தானிய முடிக்குப் போனது, மாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் இருந்த காடு தோட்டமாகிவிட்டது என்று இரண்டே வரி எழுதியிருந்தால் முழுப் புள்ளி.

அந்தப் பிள்ளைக்கு இந்த இரண்டும் தெரியாதா? கூப்பிட்டு வாயால் கேட்டேன். இரண்டையும் சொன்னது, மூன்றாவதாக ஒன்றும் சொன்னது. "அப்போ ஏன் எழுதல்ல?" என்றால், "நோட்ஸ்ல கோப்பி என்ற தலைப்புக்குக் கீழ இப்படித்தான் மிஸ் இருக்கு" என்கிறது. வினாவில் 1840ஐக் கண்டதும் மனத்தில் இருந்த பக்கம் திறந்துகொண்டது. அதை மேலிருந்து கீழ்வரை ஒப்புவித்துவிட்டு வந்துவிட்டது. அந்த நோட்ஸ் தனியார் வகுப்பு ஒன்றில் எழுதியது. யார் சொல்லிக் கொடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

நோட்ஸ் சொல்லும் பாடவேளையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாம் வாசிக்கிறோம். நாற்பது தலைகள் குனிந்திருக்கின்றன. "கமா... அடுத்த பந்தி... தலைப்பைச் சிவப்பில் எழுதுங்க..." பின்வாங்கில் ஒன்று "என்ன மிஸ், என்ன மிஸ்" என்று கேட்டுக்கொண்டே பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதுகிறது. மணி அடிக்கிறது. பாடநூலில் படத்தோடும் வரைபடத்தோடும் தெளிவாக இருந்த ஒரு விஷயம், படமும் வரைபடமும் இல்லாமல், எழுத்துப் பிழைகளோடு கொப்பிக்கு இடம் மாறியிருக்கிறது. அன்றைக்கு நடந்த படிப்பு அவ்வளவுதான். பாடநூலின் தமிழ் சில இடங்களில் கடினம் என்பது உண்மை. அந்த வாக்கியங்களை உடைத்து விளங்கப்படுத்துவது நம் வேலைதான். விளங்கப்படுத்தத்தான் வேண்டும், அதை ஏன் எழுதவிட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

நம்மில் வயதில் மூத்தவர்கள் ஓ.எல்.இல் படித்தது சமூகக்கல்வி. அன்றைக்கு நமக்குக் கிடைத்த கொப்பியையே நாமும் கொடுக்கிறோமோ என்று சில நேரம் தோன்றுகிறது. சரி, அது போகட்டும்.

வினாத்தாளைப் பார்ப்போம். முதல் பகுதியில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஆகவே ஒரு வினாவையும் வெறுமையாக விட்டு வரக்கூடாது. இதை ஒவ்வொரு வருடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாம் பகுதியில் முதல் வினா கட்டாயம், வரைபடம் அதில்தான் வரும். மற்றவை தெரிவு வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவுகள் உண்டு. பெயரிடுக, குறிப்பிடுக என்று தொடங்கி, சுருக்கமாக விளக்குக என்பதில் போய் முடியும். 75 எடுத்தால் ஏ, 35க்குக் கீழே போனால் டபிள்யூ, அதாவது சித்தியில்லை.

இதில் நம் பிள்ளைகள் புள்ளியைக் கொட்டும் இடம் அந்த வினைச்சொற்கள்தான். "இரண்டினைப் பெயரிடுக" என்ற இடத்தில் ஏழு எழுதி நேரத்தை விடுகிறார்கள். "விளக்குக" என்ற இடத்தில் ஒற்றை வரியோடு நிற்கிறார்கள். தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் முற்றல் இலையைக் கழித்துவிட்டுத்தான் நிறுப்பார்கள் என்பது இந்தப் பிள்ளைகளுக்கு அம்மாவின் சம்பளத்தில் இருந்தே தெரியும். பரீட்சைத் தாளும் அப்படித்தான் என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

விளக்குவது என்றால் என்ன என்பதை எழுதிக் காட்டாமல் அவர்களுக்கு விளங்காது. நான் பலகையில் இரண்டு விடைகளை எழுதிவிடுவேன். வினா: "கோல்புறூக் சீர்திருத்தங்களில் ஒன்றைச் சுருக்கமாக விளக்குக." முதல் விடை: "இராஜகாரிய முறை நீக்கப்பட்டது." இரண்டாவது விடை: "1833இல் இராஜகாரிய முறை நீக்கப்பட்டது. அதுவரை மக்கள் தாம் அனுபவித்த காணிக்காகச் செய்துவந்த கட்டாய சேவை இதனால் முடிவுக்கு வந்தது. கூலிக்கு வேலை செய்யும் உழைப்பாளர் கிடைப்பார்கள் என்பது இதன் நோக்கங்களில் ஒன்று. பெருந்தோட்டங்களுக்கு அது தேவைப்பட்டது." முதல் விடை பிழையா என்று கேட்டால் பிழையில்லை. புள்ளி எத்தனை என்று பிள்ளைகளிடமே கேட்பேன். அவர்கள் கொடுக்கும் புள்ளி, புள்ளியிடும் திட்டம் கொடுப்பதைவிடக் கஞ்சமாக இருக்கும்! என்ன நடந்தது, அதற்கு முன் எப்படி இருந்தது, அதனால் என்ன மாறியது என்று மூன்று வரி எழுதிப் பழகினால் போதும். ஒரு பாடவேளையில் ஒரே ஒரு வினா. எல்லோரும் எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துத் திருத்த வேண்டும். நோட்ஸ் எழுதும் நேரத்தில் பாதிகூட ஆகாது.

அப்புறம் வரைபடம். பிள்ளைகள் பயப்படுவதும் இதற்குத்தான், சுலபமாகப் புள்ளி எடுக்கக்கூடியதும் இதில்தான். வெறும் இலங்கைப் படத்தைக் கொடுத்து "அனுராதபுரத்தைக் குறியுங்கள்" என்றால் சில பிள்ளைகள் புத்தளத்துக் கடலுக்குள் குறிக்கிறார்கள். இடங்களைத் தனித்தனியாகப் பாடமாக்கினால் அப்படித்தான் ஆகும். நாம் இருப்பது ஆறுகளின் தலைமாட்டில். அதைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம்.

எங்கள் பாடசாலைக்குக் கீழே கெகல்கமு ஓயா ஓடுகிறது. அது நோர்வூட் தாண்டி காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், பிறகு மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. களனியைப் பென்சிலால் இழுத்தால் கொழும்பு வரும், பக்கத்திலேயே கோட்டே. அக்கரப்பத்தனைப் பிள்ளைகளிடம் ஆக்ரா ஓயாவில் தொடங்கச் சொல்லுங்கள். தலவாக்கலை, கொத்மலை என்று இறங்கி மகாவலியில் சேரும். பிறகு கம்பளை, பேராதெனியா, கண்டி, மகியங்கனை, மன்னம்பிட்டி, கடைசியில் கொட்டியாரக் குடா. இந்த ஒரே கோட்டில் கம்பளை இராச்சியம், கண்டி இராச்சியம், கன்னொறுவைப் போர்க்களம் எல்லாம் வந்துவிடும்; பொலன்னறுவை கொஞ்சம் மேற்கே. கோடு முடியும் இடத்துக்குப் பக்கத்தில் பழைய கோகர்ணத் துறைமுகம், அதாவது திருகோணமலை. ஹோட்டன் சமவெளிப் பக்கத்தில் தொடங்கும் வளவையைத் தெற்கே இழுத்தால் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் பழைய கொடவாயத் துறைமுகம். மல்வத்து ஓயா மட்டும் நம் மலையில் பிறப்பதில்லை. ஆனால் அனுராதபுரமும் மன்னார்ப் பக்கத்துப் பழைய துறைமுகமான மாதோட்டமும் அந்த ஒரே ஆற்றில்தான் தொங்குகின்றன. நான்கு ஆறு போடத் தெரிந்த பிள்ளைக்குப் பாதி வரைபடம் கைக்குள் வந்துவிடும். உலகப் படம் வேறு கதை: சரயேவோ, ஹிரோஷிமா, பேர்ள் துறைமுகம் என்று திரும்பத் திரும்பக் குறித்துப் பழகுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. சுவரில் ஒரு உலகப் படம் இருந்தால் நல்லது, எங்கள் வகுப்பில் இருப்பது கரப்பான் தின்றது போக மிச்சம்.

ஆண்டுகளுக்கு வருவோம். பிள்ளைகள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஆண்டுகளை மட்டும் பட்டியல் போட்டு, பரீட்சைக்கு முந்திய இரவு மனனம் செய்கிறார்கள். காலையில் 1815உம் 1818உம் இடம் மாறிவிடுகின்றன. ஆண்டு தனியாக நிற்காது. அதற்கு முன்னால் ஒரு காரணமும் பின்னால் ஒரு விளைவும் வேண்டும். இதற்கு நம் பிள்ளைகளைவிட வசதியான இடத்தில் இருப்பவர்கள் இலங்கையில் வேறு யாரும் இல்லை என்பேன். தரம் 11 பாடநூலின் பெரும்பகுதி நாம் நடக்கும் பாதையிலேயே நடந்தது.

1815 மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம். மலைநாடு பிரித்தானியரின் கைக்குப் போனது. 1817–18இல் ஊவா வெல்லச எதிர்ப்பு, அதை அடக்கினார்கள். அடக்கிய இடத்தில் படையை அசைக்கப் பாதை வேண்டும். பாண்ஸ் பாதை போட்டார், கடுகண்ணாவையில் அந்த வேலையில் இருந்த டோசனுக்கு நினைவுக் கோபுரம் இன்னும் நிற்கிறது. பாதை வந்ததும் கோப்பி வந்தது, 1824. கோப்பிக்குக் காணி வேண்டும், அதுதான் 1840. காணி இழந்த கிராமத்து மக்கள் மீது நாய்க்கும் துப்பாக்கிக்கும் பாதைக்கும் வரி போட்டார்கள், அது 1848இல் மாத்தளையில் வெடித்தது. அதற்குத் தலைமை தாங்கியவர்கள் வீரபுரன் அப்பு, கொங்காலகொட பண்டா. கோப்பிக்கு ஆள் வேண்டும். இராஜகாரியம் ஒழிந்தும் கண்டிய விவசாயிகள் தோட்டத்தில் கூலிக்கு நிற்க முன்வரவில்லை. அதனால் தென்னிந்தியாவில் இருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள், வழியில் செத்தவர்களும் பலர். கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்க ரயில் வேண்டும், 1867இல் கண்டிக்கு வந்தது. அதே 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டு வருடத்தில், 1869இல், மடுல்சீமைப் பக்கம் கோப்பியில் இலை நோய் கண்டது. கோப்பி சரிந்தது, தேயிலை ஏறியது, ரயிலும் அதோடு மலை ஏறியது: 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை.

இதைப் பிள்ளைகளிடம் கதையாகச் சொன்னால் ஒரு பாடவேளை போதும். கைத்தொழில் புரட்சி, பிரித்தானியர் ஆதிக்கம், அரசியல் மாற்றம், சமூக மாற்றம் என்று பாடநூலில் தனித்தனியாக நிற்கும் அலகுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். கைத்தொழில் புரட்சி எங்கே வருகிறது என்று கேட்கிறீர்களா? நானுஓயாவுக்கு ஏறிய நீராவி எஞ்சினில் இருக்கிறது. ஜேம்ஸ் வாட்டுக்கு 1769இல் காப்புரிமை கிடைத்த இயந்திரத்தின் வழிவந்ததுதானே அது. தேயிலைத் தொழிற்சாலையின் பழைய உருளை இயந்திரங்களைப் பார்த்த பிள்ளைக்கு 'உற்பத்தி வீட்டில் இருந்து தொழிற்சாலைக்கு மாறியது' என்ற வரி வெறும் வரியாக இருக்காது.

அரசர்கள் பிள்ளைகளுக்குப் பெரிய குழப்பம், அது நியாயமும்கூட. பராக்கிரமபாகு என்ற பெயரில் மூன்று பேரைப் பரீட்சையில் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. எண்ணோடு ஊரையும் ஒரு செயலையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். முதலாமவர் பொலன்னறுவை, பராக்கிரம சமுத்திரம். இரண்டாமவர் தம்பதெனியா, இலக்கியப் பணி. ஆறாமவர் கோட்டே, யாழ்ப்பாணத்தையும் சேர்த்து ஆண்டவர். பல்தேர்வு வினாக்களில் இதற்கு மேல் பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

முதலாம் விஜயபாகுவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சோழரிடம் இருந்து பொலன்னறுவையை 1070இல் மீட்டவர் என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். அவர் சிவனொளிபாதமலைக்குப் போகும் யாத்திரிகர்களுக்குச் செய்த ஏற்பாடுகளைச் சொல்லும் கல்வெட்டு அம்பகமுவையில் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேரின் அடையாள அட்டை விண்ணப்பம் அம்பகமுவை பிரதேச செயலகத்தின் ஊடாகத்தான் போகிறது! தரம் 10இல் மூலாதாரங்கள் அலகைப் படிப்பிக்கும்போது கல்வெட்டு என்றதும் மிகிந்தலைக்கே ஓடுகிறோம். மிகிந்தலையும் வேண்டும், ஆனால் பக்கத்தில் இருப்பதை முதலில் சொல்லலாமே. ஹட்டனில் இருந்து கொழும்புக்குப் போகும் பஸ் கித்துல்கலையைத் தாண்டுகிறது. அங்கே பெலிலென குகையில் வரலாற்றுக்கு முந்திய மனிதரின் எச்சங்களும் சிறு கற்கருவிகளும் கிடைத்தன. பஸ்ஸில் அந்த வழியாகப் பத்துத் தரம் போய்வந்த பிள்ளைக்கு அது தெரியாது.

சுற்றுலா விஷயத்திலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். பெற்றோரிடம் காசு சேர்த்து, விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பட்டு, மிருகக்காட்சிச்சாலையும் காலிமுகத்திடலும் பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்புகிறோம். பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தரம் 10 பிள்ளைகளை ஒரு தடவையாவது கடலாதெனிய விகாரைக்குக் கூட்டிப் போங்கள். நான்காம் புவனேகபாகு காலத்தில், 1344இல், கட்டப்பட்டது. அதைக் கட்டிய தலைமைச் சிற்பி தென்னிந்தியாவைச் சேர்ந்த கணேஸ்வராச்சாரி என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. தென்னிந்தியக் கோயில்களைப் போலவே இருக்கும் அந்தக் கல் தூண்களைத் தொட்டுப் பார்த்த பிள்ளை, கம்பளைக் காலக் கலையைப் பற்றிய வினாவுக்குக் கொப்பியைத் தேடாது. திரும்பும் வழியில் கன்னொறுவையையும் காட்டலாம்; இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் போர்த்துக்கேயரை முறியடித்த இடம். பஸ் கூலியும் பாதிதான் வரும்.

வீட்டில் இருக்கும் வரலாற்றையும் கேட்டு வரச் சொல்லுங்கள். பாட்டியிடம் ஒரே கேள்வி: "எப்போது முதன்முதலில் ஓட்டுப் போட்டீர்கள்?" எங்கள் வகுப்பில் வந்த பதில்கள் ஒரே வருடத்தில் நிற்கவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது என்று பாடமாக்கிய பிள்ளைக்கு, பாட்டி அதற்கு எத்தனையோ வருடம் கழித்துத்தான் வாக்களித்தார் என்பது இடிக்கும். அந்த இடிப்பில் இருந்து, நம் மக்களில் பெரும்பாலோரைப் பிரஜாவுரிமை இல்லாதவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் போகலாம். அங்கிருந்து இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரின் கதி பிறகு என்று ஆட்களைப் பங்கு போட்ட கணக்கு. அந்த மிச்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். யாருடைய சித்தப்பா எந்தப் பக்கம் போனார் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். சுதந்திரத்தின் பின் இலங்கை என்ற அலகு அன்றைக்கு வகுப்பில் உயிரோடு இருக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இது வகுப்பறைக்கு. விடைத்தாளில் கேட்டதற்குப் பாடநூலில் உள்ளதைத்தான் எழுத வேண்டும். நம் மக்களைப் பற்றிப் பாடநூலில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வேறு வழக்கு. அதை நானும் நீங்களும் பாடநூல் எழுதுபவர்களிடம் வாதாடலாம், வாதாட வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை தன் பரீட்சைத் தாளில் அந்த வழக்கைப் பேசி ஏ சித்தியை இழக்கத் தேவையில்லை.

அதிபர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். ஓ.எல். வினாத்தாள் தரம் 10, 11 இரண்டையும் சேர்த்தது. ஆனால் தரம் 10 முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பி வாங்கி அடுத்த வகுப்புக்குக் கொடுக்கும் வழக்கம் பல பாடசாலைகளில் உண்டு. புத்தகம் போதாமல்தான் அப்படிச் செய்கிறார்கள், அது விளங்குகிறது. விளைவு என்னவென்றால், பரீட்சையில் பாதியைப் பிள்ளை புத்தகமே இல்லாமல் படிக்கிறது. அந்த இடத்தில்தான் நோட்ஸ் கொப்பி புகுந்துகொள்கிறது. வரலாற்றுப் புத்தகத்தை மட்டுமாவது பரீட்சை முடியும்வரை அவர்களிடமே விட்டுவையுங்கள். முடியாவிட்டால், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இருக்கும் புத்தகத்தை இறக்கி, பழைய மாணவர் சங்கத்திடம் கேட்டு ஒரு வகுப்புக்குப் பத்துப் பிரதியாவது போட்டோ கொப்பி எடுக்கலாம்.

மாலை வகுப்பு நடத்தும் தம்பி தங்கைகளே, உங்களில் பலர் உயர்தரம் (ஏ.எல்.) முடித்துவிட்டுக் கம்பஸ் கிடைக்கும்வரை அல்லது வேலை கிடைக்கும்வரை நடத்துகிறீர்கள். கோயில் மண்டபத்திலும், தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்க்கும் பிள்ளைக்காம்பராவிலும் மாலை மங்கும்வரை நீங்கள் நிற்பதைப் பார்க்கிறேன். பாடசாலையில் ஆசிரியர் இல்லாத பாடங்களைத் தூக்கிப் பிடித்ததே நீங்கள்தான். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. 'நிச்சயம் வரும் 20 வினாக்கள்' என்ற தாளை விற்காதீர்கள். அதை வாங்கிய பிள்ளை மற்ற அலகுகளை மூடி வைத்துவிடுகிறது. அந்த 20இல் ஐந்து வந்தால் உங்களுக்குப் பெயர் கிடைக்கிறது, வராத 15க்குப் பிள்ளைதான் பதில் சொல்கிறது. அதற்குப் பதிலாகக் கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுத்து, நேரம் வைத்து எழுத வையுங்கள். புள்ளியிடும் திட்டத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, அவர்களின் தாளை அவர்களே திருத்தட்டும். மின்சாரம் போன நாளில்கூட இதைச் செய்யலாம், மெழுகுவர்த்தி போதும்.

"சிலபஸ் முடியாதே டீச்சர்" என்று சொல்வீர்கள். நோட்ஸ் எழுதவிட்டும் அது முடியவில்லையே. மேற்பார்வைக்கு வருபவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, பக்கம் நிறையாவிட்டால் கேள்வி கேட்பார் என்ற பயமும் இருக்கிறது. அது பொய்ப் பயமல்ல. பிள்ளைகள் எழுதிய விடைகளையே கோப்பில் போட்டு வையுங்கள். திருத்திய மையோடு முப்பது விடைகள் இருக்கும் கோப்பைப் பார்த்துவிட்டு நோட்ஸ் எங்கே என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு யோசனை. நம் பிள்ளைகளின் விடைகளை நாமே பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. "இந்தப் பிள்ளை இதைத்தான் சொல்ல வருகிறது" என்று அரைப் புள்ளி கூடப் போட்டுவிடுகிறோம். அடுத்த தவணைப் பரீட்சையில் பக்கத்துப் பாடசாலையோடு விடைத்தாள்களை மாற்றித் திருத்துவோம். நோர்வூட், மஸ்கெலியா, டிக்கோயாப் பக்கம் இருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை காலை ஹட்டனில் கூடலாம். பாட ஆசிரிய ஆலோசகரிடம் சொன்னால் ஒரு அறை கிடைக்கும் என்று நினைக்கிறேன். வரும்போது திருத்தாத தாள்களில் நல்லது, நடுத்தரம், மோசம் என்று கலந்து பத்துக் கொண்டு வாருங்கள். சிவப்புப் பேனை நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
வரலாறு படிப்பிக்கும் ஒரு டீச்சர்,
பொகவந்தலாவை